எச்81 போர்டுக்கு எது சரி: ஐ5-4590, ஐ7-4790, ஜியான், இல்லை மொத்த செட்டையும் மாற்றுவதா?

2013, 2014 வாக்கில் கடையில் சொல்லி அசெம்பிள் செய்த டெஸ்க்டாப் இன்னும் வீட்டில் ஓடுகிறது என்றால் கேபினெட்டைத் திறந்து பாருங்கள். உள்ளே எச்81 மதர்போர்டும் ஐ3-4130 ப்ராசஸரும் இருக்க நல்ல வாய்ப்பு உண்டு, இன்னும் சிக்கனமாக வாங்கியவர்களிடம் பென்டியம் ஜி3220 இருக்கும். இரண்டும் இன்டெல் நான்காம் தலைமுறை, இரண்டும் எல்ஜிஏ 1150 சாக்கெட், இரண்டிலும் கோர் இரண்டே இரண்டு. டேலி, வேர்டு, கொஞ்சம் யூடியூப் என்று இருந்தவரை தாங்கியது. இப்போது குரோமில் பத்து டேப் திறந்து வைத்து, பக்கத்தில் ஒரு வீடியோ மீட்டிங்கும் ஓடினால் டாஸ்க் மேனேஜரில் சிபியு 100 சதவீதத்தில் போய் நிற்கிறது.

இந்த நிலையில் இருப்பவர்களுக்கு நான்கு வழி இருக்கிறது. அதே போர்டில் பழைய ஐ5-4590 போடலாம், ஐ7-4790 போடலாம், இன்டெலின் சர்வர் வகை ப்ராசஸரான ஜியான் இ3-1231 வி3 போடலாம், இல்லையென்றால் போர்டு, ப்ராசஸர், ரேம் மூன்றையும் தூக்கிவிட்டுப் புது ஐ3-12100 செட் வாங்கலாம். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பழைய போர்டையே வைத்துக்கொள்கிறவர்களில் பெரும்பாலானவர்களுக்கு ஐ5 போதும். ஐ7 வாங்கக் கை அரித்தால், அந்தப் பணத்தைப் புது செட்டுக்கு ஒதுக்கி வைப்பது மேல்.

அதற்கு முன்னால் ஒன்று. விண்டோஸ் இன்னும் ஹார்டு டிஸ்க்கில்தான் இருக்கிறது என்றால் ப்ராசஸர் பேச்சையே இப்போது எடுக்க வேண்டாம். மெஷின் திணறும் நேரத்தில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து எது 100 சதவீதம் காட்டுகிறது என்று பாருங்கள். டிஸ்க் என்றால் ஒரு சாட்டா எஸ்எஸ்டி போடுங்கள், ஐ7 போட்டாலும் அந்தத் திணறல் போகாது. எச்81 சிப்செட்டில் நான்கு சாட்டா போர்ட் இருந்தாலும் 6 ஜிபிபிஎஸ் வேகம் இரண்டில்தான், மற்ற இரண்டும் 3 ஜிபிபிஎஸ், ஆகவே எஸ்எஸ்டியை எதில் செருகுகிறோம் என்று பார்த்துச் செருக வேண்டும். ரேம் ஸ்லாட்டும் இரண்டுதான், அதிகபட்சம் 16 ஜிபி டிடிஆர்3. ஒரே ஒரு 4 ஜிபி ஸ்டிக்கோடு இத்தனை வருடம் ஓட்டியவர்கள் எத்தனையோ பேர். இரண்டு ஸ்லாட்டிலும் ஒரே மாதிரி ஸ்டிக் போட்டால் இரண்டும் சேர்ந்து ஓடும் டூயல் சேனல் கிடைக்கும், ப்ராசஸரிலேயே உள்ள கிராபிக்ஸை நம்பி ஓடும் மெஷினில் அந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியும்.

சரி, எஸ்எஸ்டியும் இருக்கிறது, 8 ஜிபியும் இருக்கிறது, அப்படியும் சிபியு முட்டுகிறது என்பவர்களுக்குத்தான் மீதி.

ஐ3-4130க்கு இரண்டு கோர், நான்கு த்ரெட் (விண்டோஸ் கண்ணுக்குத் தெரியும் கோர் எண்ணிக்கை), 3.4 கிகாஹெர்ட்ஸ், அதற்கு மேல் ஏறாது, ஏனென்றால் அந்த ஐ3யில் டர்போ கிடையாது. ஐ5-4590க்கு நான்கு கோர், நான்கு த்ரெட், 3.3இல் தொடங்கி 3.7 வரை ஏறும், கேஷ், அதாவது சிப்புக்குள்ளேயே இருக்கும் வேக நினைவகம், 3 எம்பியிலிருந்து 6 எம்பி ஆகிறது. எண்ணிக்கையில் இரண்டுக்கும் நான்கு த்ரெட் என்று பார்த்துவிட்டு "அப்புறம் என்ன லாபம்" என்று கேட்பவர்கள் உண்டு. ஒரு கோரையே இரண்டாகக் காட்டும் ஹைப்பர்த்ரெடிங்கில் கூடுதலாகக் கிடைப்பது கொஞ்சம்தான், வேலைக்கு ஏற்ப அது மாறும், சில வேலைகளில் ஒன்றுமே கிடைக்காது. நான்கு அசல் கோர் என்பது வேறு கணக்கு. ஒரே நேரத்தில் பல புரோகிராம் ஓடும்போது ஐ5 கிட்டத்தட்ட ஒன்றரை மடங்குக்கு மேல் இழுக்கும். ஆனால் ஒரு புரோகிராம் ஒரே கோரில் ஓடினால் 3.4க்கும் 3.7க்கும் உள்ள வித்தியாசம் மட்டும்தான், பத்து சதவீதம்கூட வராது. டேலி மட்டும் வைத்திருக்கும் கடைக்கு இதனால் பெரிதாக எதுவும் மாறாது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். பென்டியத்திலிருந்து வருபவர்களுக்குத்தான் தாவல் பெரியது: அதில் ஹைப்பர்த்ரெடிங்கும் இல்லை, ஏவிஎக்ஸ் கட்டளைகளும் இல்லை, அதனாலேயே சில புதிய கேம்கள் அதில் திறக்கவே மறுக்கும்.

யூடியூப் விஷயமும் இதில் வரும். இந்தத் தலைமுறையின் கிராபிக்ஸ் எச்.264 என்ற பழைய வகை வீடியோவைத் தானே பிரித்துக் காட்டிவிடும், ஆனால் யூடியூப் இப்போது அனுப்புவது பெரும்பாலும் விபி9, ஏவி1 என்ற புதிய வகைகள். அவற்றைப் பிரிக்கிற பாரம் ப்ராசஸரின் தலையில்தான் விழுகிறது. இரண்டு கோர் மெஷினில் 1080பி 60 ஃப்ரேம் வீடியோ வெட்டி வெட்டி ஓடுவதற்கு இதுதான் காரணம். ஐ5 போட்டால் இது சரியாகிவிடும். போடாமலே சமாளிக்க வேண்டும் என்றால், யூடியூபை எச்.264 மட்டும் அனுப்ப வைக்கும் பிரவுசர் எக்ஸ்டென்ஷன்கள் இலவசமாகவே கிடைக்கின்றன, முதலில் அதைப் போட்டுப் பாருங்கள்.

இப்போது பயாஸ், அதாவது மெஷினை ஆன் செய்ததும் போர்டில் முதலில் ஓடும் மென்பொருள். ஐ5-4590, ஐ7-4790, ஜியான் இ3-1231 வி3 மூன்றும் 2014இல் வந்த ஹாஸ்வெல் ரீஃப்ரெஷ் வகை. 2013இல் வந்த எச்81 போர்டுகளில் பழைய பயாஸ் இருந்தால் இவற்றை அடையாளம் தெரியாமல் போகலாம், ஃபேன் சுற்றும், திரையில் ஒன்றும் வராது, சிப் செத்துவிட்டது என்று நினைத்துக் கடைக்காரரிடம் சண்டைக்குப் போவோம். பழைய ஐ3 உள்ளே இருக்கும்போதே போர்டு கம்பெனியின் தளத்தில் சிபியு சப்போர்ட் பட்டியலைப் பார்த்து, பயாஸை அப்டேட் செய்துவிட்டு, அப்புறம் கழற்றுங்கள். யுபிஎஸ் இல்லாமல் அந்த அப்டேட்டைத் தொடங்க வேண்டாம், நடுவில் கரண்ட் போனால் போர்டே போய்விடும். அப்டேட் செய்யப் பயமாக இருக்கிறது, அல்லது உங்கள் போர்டுக்கு அப்டேட்டே கிடைக்கவில்லை என்றால் 2013 மாடலையே வாங்கிவிடுங்கள்: 4590க்குப் பதில் ஐ5-4570, 4790க்குப் பதில் ஐ7-4770, 1231க்குப் பதில் 1230 வி3. வேகத்தில் 100 மெகாஹெர்ட்ஸோ என்னவோ குறையும், வேறு ஒரு குறையும் இல்லை. நான் தேடினால் முதலில் 4570ஐத்தான் கேட்பேன்.

ஐ7-4790 நல்ல சிப், அதில் சந்தேகம் இல்லை. நான்கு கோர், எட்டு த்ரெட், 3.6 முதல் 4.0 கிகாஹெர்ட்ஸ், 8 எம்பி கேஷ், இந்த போர்டில் போடக்கூடியதில் ஏறக்குறைய உச்சம். வீடியோ எடிட் செய்து ரெண்டர் போடுபவர்கள், விர்ச்சுவல் மெஷின் ஓட்டிப் படிக்கும் மாணவர்கள், பெரிய கோடை அடிக்கடி கம்பைல் செய்பவர்கள் ஆகியோருக்கு அந்த எட்டு த்ரெட் உதவும். மற்றவர்களுக்கு ஐ5க்கும் இதற்கும் தினசரி வேலையில் வித்தியாசம் சொல்லத் தெரியாது. பிரச்சினை விலையில்தான் இருக்கிறது. இந்த சாக்கெட்டின் மேல்தட்டு என்பதாலேயே செகண்ட் ஹேண்ட் சந்தையில் ஐ7 இறங்க மறுக்கிறது, ஐ5 விலையின் இரண்டு மடங்கும் அதற்கு மேலும் கேட்பார்கள், கிடைக்கும் வேகமோ இரண்டு மடங்கின் பக்கத்தில்கூட வராது. 4790கே பற்றிக் கேட்கவே வேண்டாம். 4.4 வரை போகும், உண்மைதான், ஆனால் எச்81 ஓவர்கிளாக்கிங்குக்காக (சிப்பைக் குறித்த வேகத்துக்கு மேல் ஓட்டுவது) செய்த சிப்செட் இல்லை, அந்த போர்டுகளில் மின்சாரம் கொடுக்கும் பகுதியில் பெரும்பாலும் ஹீட்சிங்க்கூட ஒட்டியிருக்க மாட்டார்கள். கே என்ற எழுத்துக்காகக் கூடுதல் காசு கொடுப்பது வீண்.

வெப்பத்தையும் இங்கேயே சொல்லிவிடலாம். ஐ3க்கு 54 வாட், ஐ5க்கும் ஐ7க்கும் 84 வாட். ஐ3யோடு வந்த கூலரையே மேலே வைத்து ஓட்டினால் ஐ5 எப்படியோ சமாளிக்கும், ஐ7 மே மாத வெயிலில் முழு லோடில் சூடேறி வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும், அப்புறம் கூடுதல் காசு கொடுத்து என்ன பயன்? பழைய தெர்மல் பேஸ்ட்டைத் துடைத்துப் புதிது வைப்பது எதைப் போட்டாலும் கட்டாயம்.

ஜியான் கதை வேறு. இ3-1231 வி3 என்பது நான்கு கோர், எட்டு த்ரெட், 3.4 முதல் 3.8, 8 எம்பி கேஷ், 80 வாட், அதாவது நடைமுறையில் கிராபிக்ஸ் இல்லாத ஐ7. சர்வரிலிருந்து கழற்றியவை சந்தைக்கு வருவதால் ஐ7ஐ விட மலிவாகக் கிடைப்பது வழக்கம். ஆனால் மானிட்டரை மதர்போர்டில் செருகினால் திரை கறுப்பாகத்தான் இருக்கும், தனி கிராபிக்ஸ் கார்டு இருந்தே ஆக வேண்டும். ஏற்கெனவே ஜிடிஎக்ஸ் 1050 டிஐ, 1650 மாதிரி ஏதாவது வைத்திருப்பவர்களுக்கு இந்தப் பட்டியலில் இதுதான் சிறந்த பேரம், ஐ5ஐக்கூட நான் அப்போது சொல்ல மாட்டேன். கார்டு இல்லாதவர்கள் இதற்காகக் கார்டு வாங்கப் போனால் கணக்கு கவிழ்ந்துவிடும். வாங்கியே தீருவது என்றாலும் எச்81இன் கிராபிக்ஸ் ஸ்லாட் பிசிஐஇ 2.0 மட்டும்தான் என்பதை மறக்க வேண்டாம். ஆர்எக்ஸ் 6400, 6500 எக்ஸ்டி போன்றவை நான்கு லேனில் (தகவல் போகும் பாதை) மட்டும் பேசுபவை, இந்த ஸ்லாட்டில் அவை பாதி மூச்சில்தான் ஓடும். 1650க்குப் பதினாறு லேன் இருப்பதால் அந்தத் தொல்லை இல்லை. இன்னொன்று, எல்லா போர்டும் ஜியானை ஏற்காது, குறிப்பாக பிராண்டட் ஆபீஸ் மெஷின்கள், ஆகவே சப்போர்ட் பட்டியலில் அந்தப் பெயர் இருந்தால் மட்டும் வாங்குங்கள். 1225, 1245 என்று 5இல் முடியும் ஜியான்களில் கிராபிக்ஸ் உண்டு, ஆனால் 1225 வி3க்கு ஹைப்பர்த்ரெடிங் கிடையாது, அதை வாங்குவதற்கு ஐ5ஐயே வாங்கிவிடலாம்.

ஆறாம் தலைமுறை ஐ5 சும்மா கிடைக்கிறது, போடலாமா என்று கேட்பவர்களுக்கு: போட முடியாது, அது எல்ஜிஏ 1151. இந்த போர்டின் பாதை நான்காம் தலைமுறையோடு முடிந்துவிட்டது.

அதனால்தான் நான்காவது வழியைத் தள்ளிவிட முடியவில்லை. ஐ3-12100 2022 ஜனவரியில் வந்தது. அதிலும் நான்கு கோர், எட்டு த்ரெட், காகிதத்தில் பார்த்தால் 2014இன் ஐ7-4790 மாதிரியேதான் தெரியும். ஆனால் 4.3 கிகாஹெர்ட்ஸ் வரை போகிறது, 12 எம்பி கேஷ், அடிப்படை மின்தேவை 60 வாட், ஒரு கோரின் வேகத்தை மட்டும் எடுத்தால் அந்த ஐ7ஐ விட ஒன்றரை மடங்குக்கு மேல். டேலி மாதிரி ஒரே கோரை நம்பும் வேலைகளுக்கு உண்மையான மாற்றம் இங்கேதான் கிடைக்கும். இதன் கிராபிக்ஸ் விபி9, ஏவி1 இரண்டையும் தானே பிரித்துவிடும். போர்டில் எம்.2 எஸ்எஸ்டி போடலாம், பின்னாளில் அதே சாக்கெட்டில் பன்னிரண்டு முதல் பதினான்காம் தலைமுறை வரை ஏதாவது செகண்ட் ஹேண்டில் தேடிக்கொள்ளலாம். ஏஎம்டி பக்கம் ரைசன் 5 5600ஜி இருக்கிறது, ஆறு கோர், பன்னிரண்டு த்ரெட், உள்ளிருக்கும் வேகா கிராபிக்ஸில் சின்ன கேம்கள் நன்றாக ஓடும், ஏவி1 மட்டும் அதற்குத் தெரியாது. கேம் விளையாடும் பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கு அது, அலுவலக வேலைக்கு ஐ3 என்று நான் பிரிப்பேன்.

இதில் செலவுதான் உறுத்தும். போர்டும் ரேமும் சேர்த்து வாங்க வேண்டும், பழைய டிடிஆர்3 எதிலும் சேராது, 2025 கடைசியிலிருந்து ரேம் விலை வேறு எகிறிவிட்டது. டிடிஆர்4 எடுக்கும் எச்610 போர்டு கிடைத்தால், யாராவது விற்கும் பழைய டிடிஆர்4 ஸ்டிக்கைப் போட்டுக் கொஞ்சம் மிச்சம் பிடிக்கலாம். பழைய கூலர் எல்ஜிஏ 1700இல் உட்காராது, திருகு இடைவெளியே வேறு, ஆகவே கூலரோடு வரும் பெட்டியாக வாங்குங்கள். கேபினெட்டும் எஸ்எஸ்டியும் அப்படியே தொடரலாம், பத்து வருடம் உழைத்த எஸ்எம்பிஎஸ்ஸை (மின்சாரம் கொடுக்கும் பெட்டி) மட்டும் நான் நம்ப மாட்டேன்.

விண்டோஸ் கணக்கும் இதில் சேர்கிறது. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 முறைப்படி கேட்பது இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறையும் அதற்கு மேலும், கூடவே டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி. நான்காம் தலைமுறையில் குறுக்கு வழியில் ஏற்றலாம், ஓடவும் ஓடும், ஆனால் அடுத்த பெரிய அப்டேட் வருமா வராதா என்பதற்கு மைக்ரோசாஃப்ட் பொறுப்பில்லை. ஜிஎஸ்டி, பேங்க் வேலை எல்லாம் அந்த மெஷினில்தான் நடக்கிறது என்றால் பழைய போர்டில் ஐ7 போடுவதை விட்டுவிட்டு நேராகப் புது செட்டுக்குப் போங்கள். பிள்ளைகள் படிக்க, படம் பார்க்க, லினக்ஸ் மின்ட் போட்டு ஓட்ட என்றால் ஐ5 போட்ட பழைய மெஷின் இன்னும் சில வருடம் தாராளமாக வரும்.

கடைசியாக, சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டிலோ வேறெங்கோ செகண்ட் ஹேண்ட் சிப் வாங்குபவர்கள் மேலே பொறித்திருக்கும் எண்ணை முழுசாகப் படியுங்கள். ஐ5-4590 என்று கேட்டால் சில நேரம் 4590டி கையில் வரும், அது 35 வாட் வகை, 2.0இல் தொடங்கி 3.0தான் உச்சம், ஒரே புரோகிராம் ஓடும் வேலையில் உங்கள் பழைய ஐ3யை விடவும் மெதுவாக இருக்கும். முடிந்தால் கடையிலேயே ஒரு போர்டில் போட்டு சிப்பின் விவரம் காட்டும் சிபியு-இசட் மென்பொருளைத் திறந்து பார்த்துவிட்டு வாங்குங்கள். இந்த சாக்கெட்டில் பின்கள் போர்டில்தான் இருக்கின்றன, சிப்பில் கிடையாது, ஆகவே வீட்டில் மாற்றும்போது சிப்பை மேலிருந்து நேராக வையுங்கள், நகர்த்தி உட்கார வைக்க வேண்டாம். ஒரு பின் வளைந்தால் ஒரு ரேம் ஸ்லாட்டே வேலை செய்யாமல் போகலாம். கழற்றிய ஐ3யை உடனே விற்றுவிடாமல் புதுசு ஒரு வாரம் ஒழுங்காக ஓடும்வரை வைத்திருங்கள்.