ஏற்காட்டில் வயதானவர்களோடு சாப்பிடப் போகிறவர்கள் கவனத்துக்கு

போன ஞாயிற்றுக்கிழமை அம்மா, மனைவி, பையனோடு சேலத்திலிருந்து ஏற்காடு போயிருந்தோம். 20 கொண்டை ஊசி வளைவும் ஏறி, ஏரியைச் சுற்றிவிட்டு மத்தியானம் ஒன்றரை மணிக்கு ஓர் ஓட்டலுக்குள் நுழைந்தோம். பெயர் போடவில்லை. போனில் ஸ்கேன் செய்து ஆர்டர் போடச் சொல்லும் ஓட்டல் எதுவாக இருந்தாலும் எச்சரிக்கை ஒன்றுதான்.

மெனு கார்டு கேட்டேன். "டேபிள்ல ஸ்டிக்கர் இருக்கு சார், ஸ்கேன் பண்ணி ஆர்டர் போட்டுடுங்க" என்று சொல்லிவிட்டு சர்வர் தம்பி போய்விட்டார். ஸ்கேன் செய்தால் முதலில் போன் நம்பர், அப்புறம் ஓடிபி. மலையில் சிக்னல் வருவதும் போவதுமாக இருக்கிறது. ஒரு வெஜ் பிரியாணியை அழுத்தினேன், வட்டம் சுற்றிக்கொண்டே நின்றது. மறுபடி அழுத்தினேன். அதோடு சப்பாத்தி இரண்டு செட், அம்மாவுக்குத் தயிர் சாதம்.

அம்மாவுக்குச் சர்க்கரை. சாப்பாட்டுக்கு முன்னால் இன்சுலின் போட வேண்டும். 'பத்து நிமிடத்தில் வரும்' என்று போனில் காட்டியதை நம்பி, "போட்டுக்கோங்கம்மா" என்று சொன்னது நான்தான். அந்தத் தப்பை நீங்கள் செய்யாதீர்கள். சாப்பாடு கண்ணில் படும்வரை ஊசியைத் தொடவே வேண்டாம்.

அரை மணி ஆயிற்று, முக்கால் மணி ஆயிற்று. போனில் 'தயாராகிறது' என்றே இருந்தது. கேட்டால், "சிஸ்டத்துல போயிருக்கு சார், வந்துடும்." அம்மா தண்ணீர் டம்ளரை எடுத்தார். கை நடுங்கி, தண்ணீர் மேசையில் சிந்தியது. முந்தானையால் நெற்றியைத் துடைத்தபடி, "ஒண்ணுமில்லடா, வெயில்ல நடந்தது" என்றார். தொட்டுப் பார்த்தேன், நெற்றி வேர்த்துச் சில்லென்று இருந்தது.

ஊசி போட்டுவிட்டுச் சாப்பிடாததால் அம்மாவுக்குச் சர்க்கரை இறங்கிவிட்டது என்று புரிந்தது. கல்லாவுக்கு ஓடி, கொஞ்சம் சர்க்கரை கொடுங்கள் என்றேன். உட்கார்ந்திருந்தவர் தலையைத் தூக்காமலே, "எதுவா இருந்தாலும் ஆர்டர்ல போடுங்க சார்" என்றார். இதை எழுதும்போதுகூட எனக்கு நெஞ்சு கொதிக்கிறது. பக்கத்து மேசையில் குழந்தையோடு இருந்த ஓர் அக்காதான் பையிலிருந்து மாம்பழ ஜூஸ் பாட்டிலைத் திறந்து அம்மா வாயில் வைத்தார். கால் மணி நேரத்தில் அம்மாவுக்கு நடுக்கம் நின்றது. அந்த அக்கா நன்றாக இருக்க வேண்டும்.

அப்புறம்தான் சாப்பாடு வந்தது. பில் 912 ரூபாய். வந்த பிரியாணி ஒன்று, பில்லில் இரண்டு. அதற்கு மேல் 10 சதவீதம் சர்வீஸ் சார்ஜ், அந்தச் சர்வீஸ் சார்ஜையும் சேர்த்து 5 சதவீதம் ஜிஎஸ்டி. கேட்டதும் வராத பிரியாணியைப் பில்லிலிருந்து எடுத்தார்கள். சர்வீஸ் சார்ஜ் மட்டும் "தானா விழுதுங்க, எடுக்க முடியாது" என்றார்கள். அம்மாவை வீட்டுக்குக் கூட்டிப்போனால் போதும் என்று 658 ரூபாய் கொடுத்துவிட்டு வந்தேன். சர்வீஸ் சார்ஜ் இல்லாமல் கொடுக்க வேண்டியது 599 தான்.

வீட்டுக்கு வந்து விசாரித்ததில் தெரிந்தது: சர்வீஸ் சார்ஜைப் பில்லில் தானாகச் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையிலேயே சொல்லிவிட்டது. அதைச் சேர்த்த தொகைக்கு ஜிஎஸ்டி போடுவதும் கூடாது. ஓட்டல்காரர்கள் தொடுத்த வழக்கில் டெல்லி உயர்நீதிமன்றம் 2025 மார்ச்சில் இதைச் சரி என்றே தீர்ப்பளித்தது. பில்லில் சர்வீஸ் சார்ஜ் இருந்தால் எடுக்கச் சொல்லுங்கள். மறுத்தால் பில்லை போட்டோ எடுத்துக்கொண்டு, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் போடுங்கள். நான் திங்கட்கிழமை காலையிலேயே போட்டுப் புகார் எண் வாங்கிவிட்டேன்.

உட்காருவதற்கு முன்னாலேயே, "ஆள் வந்து ஆர்டர் எடுப்பீங்களா?" என்று கேளுங்கள். இல்லை என்றால் கிளம்பிவிடுங்கள். மலைக்குப் போகும்போது பையில் நாலு பிஸ்கட், ஒரு பொட்டலம் சர்க்கரை இருக்கட்டும். அம்மாவின் கைப்பையில் இப்போது இரண்டும் இருக்கின்றன.