கிம்லி லைப்ரரி ரிவ்யூ: டீபக் இன்ஃபோ எழுதறதுக்கு எப்படி இருக்கு

ரஸ்ட் லாங்குவேஜ்ல கம்பைலர் டூல் ஏதாவது எழுதி அதுலேர்ந்து ட்வார்ஃப் ஃபார்மட்ல டீபக் இன்ஃபோ (மெஷின் கோட சோர்ஸ் லைனோட இணைச்சுக் காட்டற தகவல்) வெளிய குடுக்கணும்னா கிம்லிங்கற லைப்ரரிய தாராளமா எடுக்கலாம். நிறைய பேரு இது படிக்கறதுக்கு மட்டும்தான்னு நெனச்சிட்டு இருக்காங்க, ரஸ்ட் பேக்ட்ரேஸ்ல (ப்ரோக்ராம் எந்தெந்த ஃபங்ஷன் வழியா வந்துச்சுன்னு காட்டற லிஸ்ட்) லைன் நம்பர் வர்றதுக்குப் பின்னாடி இருக்கறதும் இதுதான், ஆனா எழுதற பக்கமும் நல்லாவே பண்ணி வச்சிருக்காங்க.

எனக்கு ரொம்பப் புடிச்சது பைட் ஆர்டர கையாளுற விதம். ஒரு நம்பரோட சின்ன மதிப்பு பைட்ட முதல்ல வச்சா லிட்டில் எண்டியன், பெரிய மதிப்பு பைட்ட முதல்ல வச்சா பிக் எண்டியன். ட்வார்ஃப் டேட்டாவுக்குள்ள இது லிட்டில் எண்டியனா பிக் எண்டியனான்னு சொல்ற ஃபீல்டே கிடையாது, வெளிய இருக்கற எல்ஃப் (லினக்ஸ்ல ப்ரோக்ராம் ஃபைலோட ஃபார்மட்) ஹெட்டரோட ஆறாவது பைட் 1னா லிட்டில், 2னா பிக், டீபக் செக்‌ஷனும் அதையேதான் ஃபாலோ பண்ணணும். மாறிப் போச்சுன்னா என்ன ஆகும்னு பாருங்க, ஒரு யூனிட்டோட (டீபக் இன்ஃபோவோட ஒரு தொகுப்பு) நீளம் 72 பைட்னா லிட்டில்ல ஹெக்ஸ்ல 48 00 00 00னு விழும், அத பிக்னு படிச்சா 120 கோடி பைட்டுக்கு மேல காட்டும், அடுத்து வர்ற ட்வார்ஃப் வெர்ஷன் 5, அதாவது 05 00, 1280 ஆயிடும். இதுல கொடுமை என்னன்னா ப்ரோக்ராம் நல்லாத்தான் ஓடும், டீபக்கர்ல போட்டுப் பாக்கற வரைக்கும் யாருக்கும் தெரியாது.

கிம்லில எண்டியன்வெக்னு ஒரு பஃபர் இருக்கு, அத உருவாக்கும்போதே ஆர்டர சொல்லிடணும், அதுக்கப்புறம் 2 பைட்டோ 4 பைட்டோ எத எழுதினாலும் திரும்பக் கேக்காது. பல டார்கெட்டுக்கு (ப்ரோக்ராம் ஓடப் போற மெஷின்) எழுதற டூல்னா ரன்டைம்எண்டியன் போட்டு டார்கெட்டப் பாத்து முடிவு பண்ணிக்கலாம். எல்இபி128ல, அதாவது நம்பரோட அளவுக்கேத்த மாதிரி பைட் எடுத்துக்கற முறையில, எழுதற நம்பருக்கு இந்தப் பிரச்சனையே இல்ல, அது எந்த மெஷின்லயும் ஒரே மாதிரிதான்.

நேட்டிவ்எண்டியன் பக்கம் மட்டும் போயிடாதீங்க, அது டூல் ஓடற மெஷினோட ஆர்டர எடுத்துக்கும், டார்கெட்டோடத இல்ல. சென்னைல நம்ம மேசைல இருக்கறதெல்லாம் இன்டெல் இல்லன்னா ஆர்ம் லேப்டாப், ஐஐடி மெட்ராஸோட சக்தி ப்ராசஸர்ல வேலை பாக்கறவங்களுக்கும் ரிஸ்க் ஃபைவ் லிட்டில்தான், அதனால டெஸ்ட் எல்லாம் பச்சையா பாஸ் ஆகும், ஓஎம்ஆர்ல ஏதோ ஒரு டீம் மெயின்ஃப்ரேம் எஸ்390எக்ஸ்க்கோ பிக் எண்டியன் மிப்ஸ் போர்டுக்கோ பில்ட் போட்டாத்தான் வெடிக்கும். வேற மெஷின சாஃப்ட்வேர்லயே ஓட்டிக் காட்டற கெமு இருக்கும்போது பிக் எண்டியன் மெஷின் கைல இல்லன்னு சொல்றதெல்லாம் சரியில்ல, தயவுசெஞ்சு ஒரு எஸ்390எக்ஸ் டெஸ்ட்ட சிஐல (கோட் மாறும்போதெல்லாம் தானா டெஸ்ட் ஓட்டற சிஸ்டம்) சேத்துடுங்க.

இன்னொன்னு, கான்ஸ்டன்ட் வேல்யூவ பைட் ப்ளாக்கா குடுத்தா அத லைப்ரரி தொடாது, குடுத்தத அப்படியே வச்சிடும், அங்க டார்கெட் ஆர்டர்ல அடுக்கற பொறுப்பு நம்மளோடது. இத டாக்ஸ்ல இன்னும் கொட்டை எழுத்துல போட்டிருக்கணும்.

குறைன்னு பாத்தா ரீலொகேஷன்தான், அதாவது உண்மையான அட்ரஸ பின்னாடி லிங்க் பண்ணும்போது நிரப்பற வேலை. லிங்க் பண்றதுக்கு முன்னாடி ஒரு ஃபங்ஷனோட அட்ரஸ் சிம்பலாத்தான, அதாவது வெறும் பேராத்தான இருக்கும், அத வெறும் எண்டியன்வெக்ல எழுதினா எரர் வரும், அதனால மேல ஒரு ரைட்டர் கட்டி எந்த இடத்துல எந்த சிம்பல்னு நாமளே புடிச்சு வச்சுக்கணும். புதுசா வர்றவங்களுக்கு இந்த இடம் கண்டிப்பா சிரமமா இருக்கும், எக்ஸாம்பிள் கோட ஒருவாட்டி பொறுமையா படிச்சிட்டு ஆரம்பிங்க.