ரேக் கால், பிளைவுட் மேல்பலகை: உப்புக்காற்றில் மூன்று மழைக்காலம் கண்ட மேசை

புதுச்சேரி முத்தியால்பேட்டையில், கடலுக்கு நடந்தே போய்விடக்கூடிய தூரத்தில் உள்ள ஒரு வீட்டில் இரண்டு மேசைகள் மூன்று மழைக்காலமாகப் புழக்கத்தில் இருக்கின்றன. இரண்டுமே கடையில் ரெடிமேடாகக் கிடைக்கும் அலமாரிகளைக் காலாக நிறுத்தி, மேலே பலகை போட்டுச் செய்தவை. ஒன்றுக்குக் கால், பார்ட்டிகிள் போர்டில் வரும் நாலு கட்ட புத்தக ஷெல்ஃப். மற்றதற்கு, மளிகைக் கடையிலும் குடோனிலும் பார்க்கிற இரும்பு ஸ்லாட்டட் ஆங்கிள் ரேக், அதாவது வரிசையாகத் துளை போட்ட L வடிவச் சட்டங்களில் தட்டைப் பூட்டியது. இரண்டிலும் தினமும் எட்டு மணி நேரத்துக்குக் குறையாமல் வேலை நடக்கிறது.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். புதுச்சேரி, கடலூர் மாதிரி கடலோர ஊரில் இப்படி மேசை செய்வதென்றால் இரும்பு ரேக்கையே எடுங்கள். பார்க்க அழகாக இருப்பது ஷெல்ஃப்தான், சந்தேகமே இல்லை. ஆனால் இங்கே மேசை மேலிருந்து கெடுவதில்லை, கீழிருந்து கெடுகிறது.

முதலில் ஷெல்ஃப் மேசை. நாலு கட்ட ஷெல்ஃப் பெரும்பாலும் 77 செ.மீ. உயரம், 77 அகலம், 39 ஆழத்தில் வருகிறது. இரண்டை வாங்கி, திறந்த பக்கம் வெளியே பார்க்கும்படி நிறுத்தி, மேலே 78 × 30 அங்குல ஃப்ளஷ் டோர் ஒன்றைப் படுக்கப் போட்டால் முடிந்தது. 30 அங்குலக் கதவும் 77 செ.மீ. ஷெல்ஃபும் ஏறக்குறைய ஒரே அளவு, அதனால் எதையும் அறுக்க வேண்டாம். இரண்டு ஷெல்ஃபுக்கும் நடுவே கால் நீட்ட 120 செ.மீ. கிடைக்கிறது. 30 மி.மீ. கனமுள்ள, உள்ளே மரம் நிறைந்த கதவு 25 கிலோவைத் தொடும். தன் கனத்திலேயே அசையாமல் உட்காரும். அடியில் ரப்பர் மேட் துண்டு நாலு வைத்தால் வழுக்காது.

இந்தக் கதவு அருமையான மேல்பலகை. முனைக்கு முனை நூலை இழுத்துப் பிடித்து அடிப்பக்கம் அளந்தால், மூன்று வருஷத்தில் நடுவில் 2 மி.மீ. அளவுக்குத்தான் தொய்ந்திருக்கிறது. இரண்டு மானிட்டரும் ஒரு பிரிண்டரும் அதன் மேல் நிற்கின்றன.

கோளாறு காலில். முதலாவது உயரம். 77-உம் கதவின் 3-உம் சேர்ந்து 80 செ.மீ. ஆகிறது. ஐந்தரை அடி உயரமுள்ளவர் நாற்காலியில் உட்கார்ந்து முழங்கையை மடக்கினால் கை நிற்பது தரையிலிருந்து 67, 68 செ.மீ. வாக்கில். 80-இல் கீபோர்டு வைத்தால் தோள் தூக்கிக்கொள்ளும், மாலைக்குள் கழுத்து பிடித்துக்கொள்ளும். நாற்காலியை ஏற்றினால் கால் தொங்கும், காலுக்குப் படி வேண்டும். பார்ட்டிகிள் போர்டை அடியில் அறுத்துக் குறைக்கவும் முடியாது. ஓரப் பட்டை போய், துகள் வெளியே தெரிந்துவிடும், இணைப்பும் கீழ்த்தட்டோடுதான் இருக்கிறது.

இரண்டாவது தண்ணீர். வெள்ளம் வர வேண்டியதே இல்லை, வீடு துடைக்கிற தண்ணீர் போதும். ஈர மாப் ஒவ்வொரு நாளும் ஷெல்ஃபின் அடி ஓரத்தைத் தொட்டுவிட்டுப் போகிறது. மரத்துகளைப் பசையோடு அழுத்திச் செய்ததுதான் பார்ட்டிகிள் போர்டு. ஈரம் உள்ளே போனதும் அழுத்தப்பட்ட துகள் நிமிர்ந்துகொள்கிறது, காய்ந்தாலும் பழைய கனத்துக்குத் திரும்புவதில்லை. எட்டாம் மாதத்தில் அடி ஓரம் ரொட்டி மாதிரி உப்பத் தொடங்கி, இரண்டாம் மழைக்காலத்தில் ஓரப் பட்டை உரிந்து நின்றது. ஒரு பக்கம் உப்பியதால் கதவு ஒரு மூலையில் 4 மி.மீ. தூக்கிக்கொண்டது, பேனா உருண்டது. வாங்கிய அன்றே அடியில் அரை அங்குலக் கடப்பா கல் துண்டு வைத்திருந்தால் இதில் முக்கால்வாசி தவிர்ந்திருக்கும். கல் கடையில் அறுத்து மிஞ்சிய துண்டு கேட்டாலே கிடைக்கும். ஏற்கெனவே இப்படி ஷெல்ஃப் மேசை வைத்திருப்பவர்கள் இன்றைக்கே அதைச் செய்துவிடுங்கள்.

இனி ரேக் மேசை. விரிவாகச் சொல்ல வேண்டியது இதைத்தான்.

ஆறடி உயர ரேக் ஒன்று, தட்டு 24 × 12 அங்குலம், ஐந்து தட்டு. ஒரே ரேக்கில் இரண்டு காலும் கிடைத்துவிடும். ஆறடி ஆங்கிள் நாலு இருக்கிறது. ஒவ்வொன்றிலும் இரு முனையிலிருந்தும் 27½ அங்குலம் அறுத்தால் எட்டுத் துண்டு, ஒரு காலுக்கு நாலு. நடுவே 17 அங்குலத் துண்டு நாலு மிஞ்சும். தட்டு ஒரு காலுக்கு இரண்டு, ஒன்று உச்சியில், ஒன்று தரையிலிருந்து ஓரடிக்கு மேல். ஐந்தாவது தட்டும் மிஞ்சிய துண்டுகளும் கால் வைக்கும் படியாகிவிடும். துண்டை முன்பக்கம் 4 அங்குலமும் பின்பக்கம் 6 அங்குலமுமாக அறுத்துத் தட்டைப் பூட்டினால் பாதம் சாய்ந்து உட்கார வசதி.

அறுக்கும்போது ஒரு நுணுக்கம் உண்டு, பலரும் இதில்தான் தவறுகிறார்கள். டேப்பை மட்டும் நம்பி அறுக்காதீர்கள். நாலு ஆங்கிளையும் பக்கத்தில் பக்கத்தில் அடுக்கி, துளைக்குத் துளை ஒத்து வைத்துக் கோடு போட வேண்டும். ஆங்கிளின் இரு முனையிலும் முதல் துளை ஒரே தூரத்தில் இருக்கும் என்று சொல்ல முடியாது. மேல்பாதித் துண்டு நாலும் ஒரு காலுக்கு, கீழ்பாதித் துண்டு நாலும் மற்ற காலுக்கு என்று பிரித்துக்கொள்ளுங்கள். கலந்துவிட்டால் தட்டு ஒரு மூலையில் ஏறி நிற்கும், எந்தத் துளையில் பூட்டினாலும் சரிவராது. வெல்டிங் பட்டறையில் கட்டிங் மெஷினில் எட்டு வெட்டும் கால்மணி நேர வேலை.

வெட்டிய முனையை மேலே வையுங்கள், கம்பெனி பெயிண்டோடு வந்த முனை தரைக்கு. அரம் போட்டுப் பிசிறை எடுத்து, வெட்டிய முனைக்கு ரெட் ஆக்சைடு ஒரு கை, காய்ந்ததும் எனாமல் இரண்டு கை. அவசரத்தில் இதை விட்டால் ஒரே மாதத்தில் அந்த முனை செம்பழுப்பாகிவிடும். உப்புக்காற்றுக்குத் திறந்த இரும்பு அவ்வளவு பிடித்தமானது.

போல்ட் கணக்கு: தட்டின் ஒரு மூலைக்கு இரண்டு என்று நாலு தட்டுக்கு 32. உச்சித் தட்டின் மூலைகளுக்குக் கார்னர் பிளேட் (மூலை ஆடாமல் பிடிக்கும் சின்னத் தகடு), காலுக்கு 8 வீதம் 16, அதற்கு இன்னொரு 32. கைவசம் சேர்த்து 75 வாங்குங்கள். ரேக்கோடு வருகிற 5/16 போல்ட் சாதாரண முலாம் பூசியது, ஒரு மழைக்காலத்துக்குத்தான் தாங்கும். தரைக்குப் பக்கத்தில் இருக்கும் கீழ்த்தட்டுக்கு மட்டுமாவது 304 ஸ்டெயின்லெஸ் போல்ட் போட்டுக்கொள்ளுங்கள். 13-ஆம் நம்பர் ஸ்பேனர் போதும்.

கார்னர் பிளேட் வேண்டாம் என்று கடையில் சொல்வார்கள். கேட்காதீர்கள். ஆங்கிளின் துளை நீளவாட்டில் இருப்பது, போல்ட்டை எவ்வளவு முறுக்கினாலும் அதற்குள் கொஞ்சம் நகரும். நாலு பக்கச் சட்டத்துக்குக் குறுக்குத் தாங்கல் இல்லையென்றால் அது சாய்சதுரமாகத்தான் ஆடும். சரக்கு அடுக்கிய குடோன் ரேக்கில் இது தெரியாது. கீபோர்டு தட்டும் மேசையில் மானிட்டர் நடுங்கும்போது உடனே தெரியும்.

கார்னர் பிளேட் போட்ட பிறகும் இடவலமாக ஒரு ஆட்டம் மிஞ்சும், ஏனென்றால் இரண்டு காலையும் இணைப்பது மேல்பலகை ஒன்றுதான். அதற்கு மருந்து பின்பக்கப் பெருக்கல்குறி. ¾ அங்குல அகலம், 3 மி.மீ. கனமுள்ள இரும்புப் பட்டி இரண்டு, 42 அங்குல நீளம். கால்களுக்கு நடுவே இடைவெளி 32 அங்குலம், பட்டி பூட்டும் உயரம் 24 அங்குலம் என்றால் குறுக்களவு சரியாக 40, இரு முனையிலும் துளைக்கு ஓரங்குலம் மிச்சம். போல்ட்டில் ஸ்பிரிங் வாஷர் போட்டு, பட்டி விறைப்பாக நிற்கும்படி இழுத்துப் பூட்டினால் ஆட்டம் அத்தோடு நின்றுவிடும். இந்த மேசையில் செய்த வேலைகளிலேயே குறைந்த செலவும் அதிகப் பலனும் இதற்குத்தான். வாடகை வீட்டில் சுவரைத் துளைத்து கிளாம்ப் அடிக்க வேண்டிய தேவையும் இல்லாமல் போகிறது.

மேல்பலகை ஐந்தடிக்கு இரண்டடி, 19 மி.மீ. பிளைவுட். எட்டுக்கு நாலு ஷீட்டில் இப்படி இரண்டு துண்டு விழும், பக்கத்து வீட்டுக்காரரோடு பங்கு போட்டுக்கொள்ளலாம். ஐ.எஸ். 710 முத்திரை உள்ள மரைன் தரம் வாங்குவது நல்லது. எம்.ஆர். எனப்படும், ஈரத்தை ஓரளவே தாங்கும் தரம் உள்நாட்டு ஊருக்குச் சரி, இங்கே வேண்டாம். மேல்தோலின் ரேகை ஐந்தடி நீளவாக்கில் ஓட வேண்டும். குறுக்கே ஓடினால் அதே பலகை சீக்கிரம் தொய்யும். ரேகை எந்தப் பக்கம் ஓடுகிறது என்று நின்று பார்த்து வாங்குங்கள். கடலூர் லாரன்ஸ் ரோடு மாதிரி நெரிசலான கடைத்தெருவில் இருந்து ஆட்டோவில் ஏற்றுவதாக இருந்தால் கடையிலேயே அளவுக்கு அறுத்துவிடுவது வசதி.

கனத்தைப் பற்றி ஒரு கணக்கு. விறைப்பு, கனத்தின் மூன்றாம் மடிப்பெருக்கத்தில் கூடும். 19-க்குப் பதில் 25 மி.மீ. போட்டால் இரண்டே கால் மடங்குக்கு மேல் விறைப்பு. ஆனால் தாங்கல்களுக்கு இடையே 32 அங்குலம்தான் என்பதால் இங்கே 19 போதும். இந்த மேசையில் நூல் பிடித்துப் பார்த்தால் தொய்வு ஒரு மி.மீ.கூட இல்லை. இடைவெளி நாலடி என்றால் 25 மி.மீ. பிளைவுட்டுக்கோ ஃப்ளஷ் டோருக்கோ போங்கள்.

மைக்கா ஒட்டுவதென்றால் அடிப்பக்கமும் ஒட்ட வேண்டும். மேலே மட்டும் ஒட்டினால் ஐப்பசி ஈரம் அடியில் மட்டும் ஏறி இறங்கி, பலகை கிண்ணமாக வளையும். மேலே 1 மி.மீ., கீழே மலிவாகக் கிடைக்கும் 0.8 மி.மீ. போதும். முன் ஓரத்துக்கு பி.வி.சி. பட்டை வேண்டாம், கை படுகிற இடத்தில் வியர்வைக்கு உரியும். பண்ருட்டிப் பக்கத்துப் பலா மரப் பட்டை ஒன்றை ஒட்டி, கூர் போக உருட்டி இழைத்து மெழுகு தேய்த்தால், முன்கை அழுந்தாமல் சுகமாக இருக்கும். மூன்று வருஷத்தில் அந்த மஞ்சள் தேன் நிறத்துக்கு வந்திருக்கிறது, மேசையில் கண்ணுக்கு அழகான இடமே அந்த ஓரம்தான்.

பலகையை ரேக்கின் உச்சித் தட்டில் அடியிலிருந்து 16 மி.மீ. ஸ்க்ரூவும் வாஷரும் போட்டுப் பூட்டுங்கள், காலுக்கு ஆறு. 20 மி.மீ. ஸ்க்ரூ எடுத்தால் முனை மேல் மைக்காவை நெருங்கிவிடும். பக்கத்துக்கு இரண்டங்குலம் பலகை வெளியே நீட்டிக்கொண்டிருக்கட்டும். மொசைக் தரை எங்கேயோ ஒரு பக்கம் வாட்டமாகத்தான் இருக்கும், ரசமட்டம் வைத்துப் பார்த்து, காலுக்கு பிளாஸ்டிக் ஷூ மாட்டி, தேவையான இடத்தில் மைக்கா துண்டு செருகுங்கள். ஷூவுக்குள் தண்ணீர் தேங்கும், அடியில் ஊசித் துளை ஒன்று போட்டுவிடுவது நல்லது.

2024 நவம்பர் 30 ஃபெஞ்சல் புயலில் புதுச்சேரியில் ஒரே நாளில் 45 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது, வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. அப்போது கீழ்த்தட்டு ஓரடிக்கு மேல் இருந்ததன் அருமை தெரிந்தது. யு.பி.எஸ்., சி.பி.யூ. இரண்டும் அந்தத் தட்டில்தான் இருந்தன, நனையவில்லை. அதே அறையில் ஷெல்ஃபின் அடிக்கட்டம் இரண்டும் ஊறி, அதில் இருந்த புத்தகங்களோடு போயின. ரேக்கைத் துடைத்து, ஷூவைக் கழற்றிக் காய வைத்ததோடு வேலை முடிந்தது.

இரும்பு ரேக்கில் ஒரு எச்சரிக்கை. தட்டின் ஓரம் கூர்மை, ஒயர் அதில் உரசி அறுபடும். ஒயர் போகிற இடத்தில் பழைய ரப்பர் டியூபைக் கீறி மாட்டுங்கள். வீட்டில் எர்த் சரியில்லையென்றால் மழைக்காலத்தில் ரேக்கைத் தொட்டால் சுருக்கென்று இழுக்கும். எலக்ட்ரீஷியனை அழைத்து எர்த்தைச் சரிசெய்த பிறகே அந்த மேசையில் உட்காருங்கள், அட்டை போட்டுச் சமாளிக்கக் கூடாது. மானிட்டர் ஆர்ம் மாட்டுவதாக இருந்தால் கிளாம்ப்புக்கு அடியில் 6 மி.மீ. பிளைவுட் துண்டு வைத்தால் மைக்கா நசுங்காது.

துரு நிலவரம்: போல்ட் முறுக்கும்போது பெயிண்ட் சுரண்டுப்பட்ட இடங்களில், கீழ்த்தட்டு மூலை நாலில் புள்ளி புள்ளியாக வந்தது. உப்புத்தாள் தேய்த்து எனாமல் தொட்டதில் அடங்கியது. 304 போல்ட்டில் லேசான பழுப்புப் படலம், துணியால் துடைத்தால் போகிறது. புரட்டாசி கடைசியில், அடைமழை தொடங்கும் முன், எல்லா போல்ட்டையும் ஒரு சுற்று முறுக்கி, தலையில் எண்ணெய்த் துணி ஒற்றி எடுத்தால் அடுத்த வருஷம் வரை கவலையில்லை. ஒவ்வொரு முறையும் பத்துப் பன்னிரண்டு போல்ட் கால் சுற்று தளர்ந்திருக்கும்.

ஷெல்ஃப் காலில் கிடக்கும் அந்த ஃப்ளஷ் டோர் இன்னும் திடமாக இருப்பதால், அதற்கும் ரேக் கால்தான் அடுத்தது. கதவு 30 அங்குலம், ரேக் 24. முன்பக்கம் நாலங்குலமும் பின்பக்கம் இரண்டங்குலமும் நீட்டிக்கொள்ளும்படி நிறுத்தினால் முழங்காலுக்கு இடம் கூடும். கதவு 30 மி.மீ. என்பதால் ஆங்கிளை 27 அங்குலமாக அறுத்துக்கொள்ள வேண்டும், ஸ்க்ரூ 25 மி.மீ. போடலாம்.