எஸ்எஸ்டியையும் ஹார்ட் டிஸ்கையும் சேர்த்து ஒரே டிரைவாகத் தருகிறேன் என்றால் உஷார்!

கோவை, திருப்பூர், ஈரோடு பக்கம் டிசைன், போட்டோ, வீடியோ வேலைக்குக் கம்ப்யூட்டர் வாங்கப் போகிறவர்கள் கடைக்காரரிடம் ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டு அப்புறம் பணத்தை எடுங்கள். எஸ்எஸ்டி என்பது வேகமான, விலை கூடின டிஸ்க். ஹார்ட் டிஸ்க் மெதுவானது, ஆனால் குறைந்த விலையில் நிறைய இடம் தரும். "இந்த எஸ்எஸ்டி நாளைக்கே செத்துப்போனால், ஹார்ட் டிஸ்கில் என் ஃபைல் முழுசாக இருக்குமா?" இதற்கான பதிலை பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். தயங்கினால் அந்தக் கடையை விட்டு இறங்கிவிடுங்கள். எங்களிடம் இந்த விஷயத்தில்தான் பச்சையாகப் பொய் சொன்னார்கள்.

நானும் என் மனைவியும் திருப்பூர் அனுப்பர்பாளையத்தில் பனியன் பிரிண்டிங்குக்கு டிசைன் வேலை செய்கிறோம். பையர், அதாவது பனியனை வாங்கும் நிறுவனம், அனுப்பும் ஆர்ட்வொர்க்கைக் கலர் செப்பரேஷன் செய்து, அதாவது நிறம் நிறமாகத் தனித்தனியே பிரித்து, பிலிம் போடத் தயாராக பிரிண்டிங் யூனிட்டுக்குக் கொடுப்பது எங்கள் பிழைப்பு. ஃபோட்டோஷாப் ஃபைல்கள் ஒவ்வொன்றும் கனமானவை. ஆளுக்கு ஒரு புது சிஸ்டம் வாங்கலாம் என்று கோவை காந்திபுரம் பக்கம் ஒரு கடைக்குப் போனோம். நாங்கள் கேட்டது 1 டிபி எஸ்எஸ்டி, அதோடு தனியாக ஒரு 4 டிபி ஹார்ட் டிஸ்க்.

"எதுக்குங்ணா தண்டச் செலவு? 256 ஜிபி எஸ்எஸ்டி போட்டு, ஹார்ட் டிஸ்கோட சேத்து ஒரே டிரைவா ஆக்கித் தர்றேன். சாஃப்ட்வேரே எல்லாத்தையும் பாத்துக்கும். மொத்தமும் எஸ்எஸ்டி வேகத்துல ஓடும்" என்றார் கடைக்காரர். ஃபைலுக்குப் பாதுகாப்பு எப்படி என்று என் மனைவி கேட்டாள். "ரெண்டு டிஸ்க் இருக்குதுங்களேக்கா, ஒண்ணு போனாலும் இன்னொண்ணுல இருக்கும்" என்றார். அந்த வார்த்தைக்குத்தான் பணம் கொடுத்தோம்.

வேகம் இருந்தது, இல்லையென்று சொல்ல மாட்டேன். தினமும் திறக்கிற ஃபைல் சட்டென்று வரும். ஒரு நாள் காலையில் என் மனைவியின் சிஸ்டம் விண்டோஸுக்குள்ளேயே போகவில்லை. விண்டோஸ் வருவதற்கு முன்னாலேயே திறக்கிற பயாஸ் என்ற செட்டிங்ஸ் திரையில் பார்த்தால் ஹார்ட் டிஸ்க் தெரிகிறது, எஸ்எஸ்டியைக் காணோம். அந்த ஹார்ட் டிஸ்கைக் கழற்றி என் சிஸ்டத்தில் மாட்டினோம். அதில் இருப்பதைப் படிக்க முடியாமல், அதை ஃபார்மேட் செய்யட்டுமா என்று விண்டோஸ் கேட்டது.

இங்கேதான் கடைக்காரர் மறைத்த விஷயம் இருக்கிறது. எஸ்எஸ்டியையும் ஹார்ட் டிஸ்கையும் சேர்த்து ஓட்ட இரண்டு வழிகள் உண்டு. ஒன்று கேஷிங். ஃபைல் முழுவதும் ஹார்ட் டிஸ்கிலேயே இருக்கும், அடிக்கடி தேவைப்படும் பகுதியின் நகல் மட்டும் எஸ்எஸ்டிக்குப் போகும். இன்னொன்று டயரிங், எங்களுக்குப் போட்டுக் கொடுத்தது இதுதான். இதில் நகல் கிடையாது. அடிக்கடி தொடுகிற பகுதியை ஹார்ட் டிஸ்கிலிருந்து எடுத்து எஸ்எஸ்டிக்கே மாற்றிவிடும். வீட்டுப் பத்திரத்தை ஜெராக்ஸ் எடுத்துக் கையில் வைத்துக்கொள்வதற்கும், அசலையே பையில் போட்டுக்கொண்டு சுற்றுவதற்கும் உள்ள வித்தியாசம் இது. டயரிங்கில் இரண்டு டிஸ்கின் கொள்ளளவும் கூட்டிக் கிடைக்கும், அதனால் விற்பவருக்குப் பெரிய எண்ணாகச் சொல்ல வசதி. ஆனால் இரண்டில் எது போனாலும் அந்த டிரைவே திறக்காது. அவர் சொன்னதற்கு நேர் எதிர்!

தொழில்நுட்பத்தை நான் குறை சொல்லவில்லை. ஆப்பிள் 2012-லேயே 128 ஜிபி எஸ்எஸ்டியையும் ஹார்ட் டிஸ்கையும் சேர்த்து ஃபியூஷன் டிரைவ் என்று கொடுத்தது. கம்ப்யூட்டர் சிப் செய்யும் ஏஎம்டி 2018-இல் ஸ்டோர்எம்ஐ என்ற டயரிங் மென்பொருளைக் கொண்டுவந்தது. 2020-இல் வந்த புது ஸ்டோர்எம்ஐயில் அதையே கேஷிங்காக மாற்றி, அசல் ஹார்ட் டிஸ்கிலேயே இருக்கும்படி செய்துவிட்டது. கேஷிங்கிலும் ஒரு கவனம் வேண்டும். இன்டெல் 2011-இல் கொண்டுவந்த ஸ்மார்ட் ரெஸ்பான்ஸ் என்ற கேஷிங் வசதியில் இரண்டு முறைகள் இருந்தன. ஒன்றில், சேமிப்பது இரண்டு டிஸ்கிலும் உடனே எழுதப்படும். மற்றதில், முதலில் எஸ்எஸ்டியில் எழுதி, ஹார்ட் டிஸ்குக்குப் பிறகுதான் போகும். இரண்டாவது முறையில் எஸ்எஸ்டி போனால் கடைசியாகச் செய்த வேலை போகும். இதையெல்லாம் வாங்குபவரிடம் சொல்லி விற்க வேண்டியது கடைக்காரரின் பொறுப்பு.

டேட்டா ரிகவரி செய்பவர் ஒருவரிடம் ஹார்ட் டிஸ்கைக் கொண்டுபோனோம். "டிஸ்க் நல்லாத்தாங்க இருக்குது, ஆனா உங்க ஃபைல்ல பாதி இங்க இல்லீங்க" என்றார். எந்த ஃபைல் எங்கே இருக்கிறது என்ற அட்டவணையை விண்டோஸ் ஓயாமல் படிப்பதால், அது எஸ்எஸ்டிக்குப் போயிருந்திருக்கிறது. அதனால் மீட்டதில் ஒன்றுக்கும் பெயரில்லை, வெறும் நம்பர்கள். குழந்தைகள் டி-ஷர்ட்டுக்குச் செய்த டைனோசர் படம் ஒன்றைத் திறந்து காட்டினார். தலை, கண், பல் வரிசை எல்லாம் அப்படியே இருக்க, கழுத்துக்குக் கீழே வெறும் சாம்பல் நிறம். அதன் செப்பரேஷன் ஃபைல் திறக்கவே இல்லை. பழைய சீசன் வேலைகள் ஓரளவு முழுசாக வந்தன. நடப்பு ஆர்டர்கள்தான் பெரும்பாலும் போயின. தினமும் தொட்ட ஃபைலைத்தானே எஸ்எஸ்டிக்கு மாற்றிக்கொண்டிருந்தது! கம்பெனியில் ஆர்டரைக் கவனிக்கும் மர்ச்சன்டைசர் ரிப்பீட் ஆர்டருக்குப் பிலிம் கேட்டுப் போன் மேல் போன் போட, என் மனைவி பழைய சாம்பிள் துணியை மேசையில் விரித்து வைத்து, கலர் கலராகப் பார்த்து மறுபடி வரைந்தாள்.

அடுத்தது இதைவிட மோசம். ஓடிக்கொண்டிருந்த என் சிஸ்டத்தில் டிஸ்கின் நிலையைக் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைப் போட்டுப் பார்த்தேன். எஸ்எஸ்டி ஓடிய நேரம் 14,000 மணியைத் தாண்டியிருந்தது. வாங்கி ஒரு வருடம்கூட ஆகவில்லை. வருடம் முழுக்க அணைக்காமல் ஓட்டினாலே 8,760 மணி நேரம்தான் வரும். சீரியல் நம்பரைத் தயாரிப்பாளரின் தளத்தில் போட்டால், வாரண்டி எப்போதோ முடிந்துவிட்டது. எங்கேயோ ஓடிக் களைத்ததைத் துடைத்து, புதுசு என்று எங்கள் தலையில் கட்டியிருக்கிறார்கள்.

கடைக்குப் போய்க் கேட்டதற்கு, "வேணும்னா வேற எஸ்எஸ்டி தர்றேங்ணா, டேட்டாவுக்கு எந்தக் கடையும் பொறுப்பு ஏக்காதுங்" என்றார். மணிக்கணக்கைக் காட்டியதும், தொழிலுக்கு வாங்கியதால் நீங்கள் நுகர்வோரே இல்லை என்று சட்டம் பேசினார். இந்தப் பேச்சுக்கு யாரும் மிரள வேண்டாம். சுயதொழில் செய்து பிழைப்பதற்காகவே வாங்கிப் பயன்படுத்தும் பொருள் வணிக நோக்கத்தில் சேராது என்று 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமே சொல்கிறது. 1915 என்ற உதவி எண்ணில் புகார் பதியலாம். வழக்கைக் கடை இருக்கும் ஊரில்தான் போட வேண்டும் என்பதில்லை, குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். பொருளின் விலை 5 லட்சம் வரை இருந்தால் கட்டணம் கிடையாது. இரண்டு வருடத்துக்குள் போட்டுவிட வேண்டும். நாங்கள் புகார் கொடுத்துவிட்டோம். எங்களுக்கு இடைஞ்சலாக இருப்பது பில்தான். அதில் 'கம்ப்யூட்டர் செட் 2' என்று மட்டும் இருக்கிறது. ஒவ்வொரு டிஸ்கின் சீரியல் நம்பரையும் பில்லில் எழுதி வாங்குங்கள், கடைக்காரர் முகம் சுளித்தாலும் விடாதீர்கள்.

இப்படிச் சேர்த்துப் போட்ட சிஸ்டம் ஏற்கெனவே வைத்திருப்பவர்கள் பதறி எஸ்எஸ்டியைக் கழற்றிவிடாதீர்கள், விண்டோஸையும் திரும்பப் போடாதீர்கள். முதலில் எல்லாவற்றையும் ஒரு வெளி டிஸ்குக்குக் காப்பி எடுங்கள். அப்புறம் அந்த மென்பொருளுக்குள் போய், எஸ்எஸ்டியைப் பிரிக்கும் வசதி இருக்கிறதா பாருங்கள். பிரிக்கும்போது எஸ்எஸ்டியில் உள்ளது ஹார்ட் டிஸ்குக்குத் திரும்ப வர வேண்டும், அதற்கு அங்கே காலியிடம் இருக்க வேண்டும். மணிக்கணக்கு சந்தேகமாக இருந்தால், சீரியல் நம்பரும் தேதியும் தெரிகிற மாதிரி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். டிஸ்கை மட்டும் அவர்கள் கையில் கொடுத்துவிட்டு வந்துவிடாதீர்கள்.