ஒளி எதில் நன்றாகக் கடக்கும்: தங்கமா, வெள்ளியா, அலுமினியமா?

உலோகத்தைச் சில பத்து நானோமீட்டர் (ஒரு மீட்டரின் நூறு கோடியில் ஒரு பங்கு) தடிமனுக்கு மெலிய வைத்தால் அதுவும் கொஞ்சம் ஒளியை விடும். எவ்வளவு, எந்த நிறத்தை என்பதில்தான் மூன்றும் வேறுபடுகின்றன.

550 நானோமீட்டர் அலைநீளமுள்ள பச்சை ஒளியை எடுத்துக்கொள்வோம். அலுமினியத்துக்குள் 6, 7 நானோமீட்டர் போவதற்குள்ளேயே அது மூன்றில் ஒரு பங்கு அளவுக்குத் தேய்ந்துவிடும். அதே தேய்மானத்துக்கு வெள்ளியில் 13 நானோமீட்டர் வேண்டும், தங்கத்தில் 18 போல. எண்ணை மட்டும் பார்த்தால் தங்கம்தான் ஜெயிக்கிறது. ஆனால் என் ஓட்டு வெள்ளிக்கே.

காரணம், கடக்காத ஒளி எங்கே போகிறது என்பது. தங்கம் நீலத்தை உறிஞ்சிவிடுகிறது, சிவப்பைப் பெரும்பாலும் எதிரொளிக்கிறது. அதனால்தான் தங்க ரேக்கை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் பச்சையாகத் தெரிகிறது. 1857-இல் ஆங்கிலேய விஞ்ஞானி மைக்கேல் பாரடே ஆராய்ந்து எழுதிய விஷயம் இது. உறிஞ்சிய நீலம் வெப்பமாகிவிட்டது, எந்தப் பூச்சும் அதைத் திருப்பித் தராது.

வெள்ளியோ கண்ணுக்குத் தெரியும் ஒளியை மிகக் குறைவாகவே உறிஞ்சுகிறது. கடக்காததில் பெரும்பகுதி திரும்பிப் போகிறது, அவ்வளவுதான். திரும்பும் ஒளியைக் குறுக்கீட்டால், அதாவது ஒளி அலைகளை ஒன்றின் மேல் ஒன்று விழ வைத்து, அடக்கலாம். சுமார் 10 நானோமீட்டர் வெள்ளியின் இரு பக்கமும் துத்தநாக ஆக்சைடு போன்ற ஒளிபுகும் அடுக்கைச் சரியான தடிமனில் பூசினால், எதிரொளிப்புகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். கண்ணுக்குத் தெரியும் ஒளியில் 80 சதவீதத்துக்கு மேல் கடக்கும், அகச்சிவப்பு மட்டும் திரும்பிவிடும். வெப்பத்தைத் தடுக்கும் ஜன்னல் கண்ணாடிகள் இந்த வழியில்தான் இயங்குகின்றன. உலோகத்தின் மேல் இன்னும் அடுக்குகளைக் கூட்டி வைத்து ஒளியை அதிகமாகக் கடக்க வைப்பது எனக்கு இன்றும் வியப்புதான்!

சரி, இன்னும் மெலிதாக்கினால் இன்னும் நன்றாகக் கடக்குமா? அங்கேதான் வெள்ளி காலை வாரிவிடும். வெறும் கண்ணாடியின் மேல் 10 நானோமீட்டருக்குக் கீழே போனால் அது படலமாகப் பரவாமல் தனித்தனித் தீவுகளாகத் திரண்டுவிடும். தீவுகளில் எலக்ட்ரான்கள் ஒளியோடு சேர்ந்து அதிர்வதால் உறிஞ்சல் கூடும். அடியில் துத்தநாக ஆக்சைடு இருந்தால் வெள்ளி சீராகப் பரவும். அப்புறம் கந்தகம் பட்டால் கறுக்கும் என்பதால் வெள்ளியைத் திறந்து வைக்கவே கூடாது. திறந்த மேற்பரப்பு தேவையென்றால் தங்கம்தான். விண்வெளி வீரர்களின் முகமூடியில் தங்கப் பூச்சு இருப்பதும் அது அகச்சிவப்பை நன்றாகத் திருப்பும், கறுக்காது என்பதால்தான்.

அலுமினியத்தின் இடம் வேறு. ஏறக்குறைய 17 முதல் 80 நானோமீட்டர் வரையிலான மிகக் குறுகிய அலைநீளப் புறஊதாவை அது கடக்க விடும், கண்ணுக்குத் தெரியும் ஒளியை மறிக்கும். சூரியனை ஆராயும் விண்கலத் தொலைநோக்கிகளுக்கு இது பொருத்தமான வடிகட்டி. கண்ணால் சூரியனைப் பார்க்க உதவும் அலுமினியப் படலங்கள் ஒரு லட்சத்தில் ஒரு பங்கு ஒளியையே விடுகின்றன. அதில் ஊசித்துளையோ கீறலோ தெரிந்தால் தயங்காமல் தூக்கிப் போடுங்கள்.