ஈஎல்எம்327 புளூடூத் ஸ்கேனர்: சென்சாருக்குக் காசு கொடுக்கும் முன்

செக் இன்ஜின் லைட் எரிந்ததும் சென்சாரை மாற்றுவதுதான் பல ஒர்க்‌ஷாப்புகளில் வழக்கம். காரின் கணினியில் பதிவான கோளாறைப் படிக்கும் ஸ்கேனரில் வரும் குறியீடோ எந்த சர்க்யூட்டில் கோளாறு என்பதை மட்டுமே சொல்கிறது. சென்சார் போயிருக்கலாம், கனெக்டர் பச்சை பூத்திருக்கலாம், வயரை எலி கடித்திருக்கலாம். உள்ளங்கையில் அடங்கும் இந்த ஈஎல்எம்327 ஸ்கேனரை லைவ் டேட்டா (சென்சார்கள் அந்த நொடியில் தரும் அளவுகள்) பார்ப்பதற்காகவே வாங்கலாம்.

பி0118 குறியீட்டை எடுத்துக்கொள்வோம். கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) வெப்பநிலை சென்சாரின் சர்க்யூட்டில் வோல்டேஜ் அதிகம் என்று பொருள். ரேடியேட்டர் ஃபேன் நிற்காமல் ஓடும், ஸ்டார்ட் ஆகத் திணறும், மைலேஜ் விழும். ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள 16 பின் சாக்கெட்டில் ஸ்கேனரைச் செருகி, சாவியை ஆன் நிலையில் வைத்து, 1234 அல்லது 0000 கொடுத்து புளூடூத்தில் இணையுங்கள். டார்க் (Torque), கார் ஸ்கேனர் (Car Scanner) இரண்டு செயலியுமே போதுமானவை. சித்திரை வெயிலில் நிற்கும் காரில் கூலன்ட் மைனஸ் 40 டிகிரி என்று காட்டினால் சர்க்யூட் எங்கோ அறுந்திருக்கிறது.

எங்கே என்று கண்டுபிடிக்க, சென்சார் கனெக்டரைக் கழற்றி வயர் பக்கமுள்ள இரு முனைகளையும் துண்டு வயரால் இணைத்துப் பாருங்கள். அளவு 130 டிகிரிக்கு மேல் தாவினால் வயரிங்கும் இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான இசியூவும் நன்றாக இருக்கின்றன, சென்சாரை மாற்றலாம். மைனஸ் 40லேயே நின்றால் புது சென்சார் வாங்கிப் பயனில்லை, வயரைத் தேடுங்கள். இரண்டு வயர் சென்சாரில் மட்டுமே இதைச் செய்யவேண்டும். மூன்று வயர் உள்ள மேப் சென்சாரில் (இன்ஜினுக்குள் போகும் காற்றின் அழுத்தத்தை அளப்பது) செய்தால் 5 வோல்ட் சப்ளை எர்த் ஆகிவிடும். சில கார்களில் கோளாறு வந்ததும் இசியூ ஒரு மாற்று எண்ணைக் காட்டும். அங்கே மல்டிமீட்டர்தான் துணை. நல்ல சென்சார் பெரும்பாலும் 20 டிகிரியில் 2 முதல் 3 கிலோ ஓம், 80 டிகிரியில் 300 ஓம் அளவில் இருக்கும்.

குறைகளும் உண்டு. சந்தையில் கிடைப்பவை பெரும்பாலும் நகல்கள். பதிப்பு 1.5 என்று அச்சிட்டிருந்தால் அது நகல்தான், சந்தேகமே வேண்டாம்; அசல் சிப்பைத் தயாரித்த எல்ம் நிறுவனம் அப்படியொரு பதிப்பை வெளியிடவே இல்லை. சாதாரண செயலிகளில் ஏபிஎஸ், ஏர்பேக் குறியீடுகள் வராது. ஐபோனுக்கு வைஃபை அல்லது புளூடூத் எல்இ வகை தேவை. 16ஆம் பின்னில் பேட்டரி மின்சாரம் எப்போதும் இருப்பதால் வேலை முடிந்ததும் கழற்றிவிடுங்கள். குறியீட்டை அழிக்கும் முன் ஃப்ரீஸ் ஃபிரேமை (கோளாறு பதிவான நொடியில் இருந்த அளவுகள்) ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொள்ளுங்கள்; அழித்தால் அதுவும் சேர்ந்தே போய்விடும்.