ஏற்காட்டு முகாமில் விற்கிற 'கேட்டல் சிகிச்சை' பெட்டி: பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

சீசன் தொடங்கினால் ஏற்காட்டில் பிள்ளைகளுக்கான இந்தக் 'கேட்டல் சிகிச்சை' முகாமும் வந்துவிடுகிறது. ஒரு லாட்ஜ் ஹால், நாலு மேசை, லேப்டாப்பில் சொருகிய ஹெட்போன். 'கூப்பிட்டால் திரும்புவதில்லையா? ஒரே விஷயத்தை நாலு தடவை சொல்ல வேண்டியிருக்கிறதா? வீட்டிலேயே 30 நாளில் சரியாகும்' என்று நோட்டீஸ். கீழே இறங்கும்போது பெற்றோர் கையில் ஒரு பெட்டி இருக்கும், 38,000 ரூபாய் போயிருக்கும். சேலத்திலும் மாடி அறைகளில் இதே பெட்டியை விற்கிறார்கள். விற்பவர் பெயரை இங்கே போடவில்லை. நோட்டீஸுக்கு நோட்டீஸ் அந்தப் பெயர் மாறுகிறது, போட்டும் பயனில்லை.

பிள்ளைகளுக்குக் கேட்டல் பயிற்சி கொடுப்பதையே வேலையாகச் செய்பவர்களும், அதை வீட்டில் தினமும் செய்துவரும் பெற்றோரும் சேர்ந்து இதை எழுதுகிறோம்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். நோட்டீஸில் இருக்கிற சிக்கல் பொய்யில்லை. சில பிள்ளைகளுக்குக் காது நன்றாகக் கேட்கும், எவ்வளவு மெல்லிய ஒலி வரை கேட்கிறது என்று அளக்கிற ஆடியோகிராம் நார்மல் என்று வரும். ஆனாலும் ஃபேன் ஓடி, நாற்பது பிள்ளைகள் சலசலக்கிற வகுப்பில் டீச்சர் சொன்னதில் பாதிதான் போய்ச் சேரும். காது வாங்கிய ஒலியை மூளை பிரித்து, வரிசைப்படுத்தி, இரைச்சலிலிருந்து பேச்சை உருவி எடுக்கிற இடத்தில் தடுமாற்றம். கேட்டல் செயலாக்கச் சிக்கல் என்பது இதுதான். பெற்றோரின் கவலை நிஜமானது என்பதால்தான் பெட்டியும் விற்றுப்போகிறது.

அம்மாப்பேட்டைக் குடும்பம் ஒன்று. பையனுக்கு ஆறு வயது, ஒன்றாம் வகுப்பு. முகாமில் பத்து நிமிடம் ஹெட்போன் மாட்டி, இரண்டு காதிலும் ஒரே நேரத்தில் வேறுவேறு எண்ணைக் கொடுத்து, கேட்டதைச் சொல்லச் சொன்னார்கள். வலது காது 78 சதவீதம், இடது காது 52 சதவீதம் என்று கலர் பிரின்ட் வந்தது. "மேடம், இடது காது ரொம்ப வீக்கா இருக்கு. இப்பவே விட்டுட்டா மூணாவது போறதுக்குள்ள படிப்பு போயிடும்." அம்மா கேட்டார்: "காது டாக்டர்கிட்ட ஒருக்கா காட்டிட்டு வந்துடட்டுங்களா?" பதில்: "அவங்களுக்கு இது தெரியாதுங்க மேடம். இது மூளை சம்பந்தப்பட்டது." அன்றைக்கே 20,000 கட்டினார்கள், மீதிக்கு மூன்று தவணை.

அந்த கலர் தாளில் எத்தனை தப்பு என்று பாருங்கள். இப்படி இரண்டு காதிலும் ஒரே நேரத்தில் வேறுவேறு எண்ணைக் கொடுத்தால் சின்னப் பிள்ளைகள் வலது காதில் வந்ததைத்தான் அதிகம் சரியாகச் சொல்வார்கள். மொழியைக் கையாள்வது பெரும்பாலும் மூளையின் இடது பக்கம். வலது காதுக்கு அங்கே நேர்வழி, இடது காதில் விழுந்தது சுற்றிக்கொண்டு போக வேண்டும். பதினொன்று, பன்னிரண்டு வயது வாக்கில்தான் இந்த இடைவெளி சுருங்கும். ஆறு வயதுப் பிள்ளை யாரை உட்கார வைத்தாலும் 'இடது காது வீக்' என்று வருவதற்கே வாய்ப்பு அதிகம். அந்த வயதுக்கு இயல்பான மதிப்பெண் எவ்வளவு என்ற வரி அந்தத் தாளில் எங்குமே இல்லை. ஏழு வயதுக்குக் கீழே இந்தச் சோதனைகளின் விடை நாளுக்கு நாள் மாறும் என்பதால் பொறுப்பான ஆடியாலஜிஸ்ட் (கேட்டல் நிபுணர்) யாரும் அதை வைத்துத் தீர்ப்புச் சொல்லமாட்டார்.

சோதனை நடந்த இடம் அதைவிட மோசம். 20 கொண்டை ஊசி வளைவு ஏறி 1,500 மீட்டர் உயரத்துக்கு வந்த பிள்ளை. சளி இருந்தால் ஏறும்போதும் காது அடைக்கும், இறங்கும்போது இன்னும் அதிகமாக அடைக்கும். ஹாலில் ஃபேன், வரிசையில் நிற்கிற பிள்ளைகளின் கூச்சல். ஒலித்தடுப்பு அறை இல்லை, காதுக்குள் விளக்கடித்துப் பார்த்த ஆளும் இல்லை.

பெட்டியைத் திறந்தோம். மேல்பட்டையில் குமிழ் போல ஒரு எலும்புவழி அதிர்வான் (மண்டையெலும்பை அதிரவைத்து ஒலியை உள்ளே அனுப்புவது) வைத்த ஹெட்போன், மெமரி கார்டு போட்ட சின்ன பிளேயர், 60 பக்க நோட்டு. '20,000 ஹெர்ட்ஸ் வரை செறிவூட்டப்பட்ட இசை' என்று அட்டையில் போட்டிருக்கிறது. கார்டில் இருப்பதோ 128 கேபிபிஎஸ் எம்பி3. அந்த அளவுக்குச் சுருக்கினாலே பெரும்பாலும் 16,000 ஹெர்ட்ஸை ஒட்டி மேலே உள்ளதெல்லாம் வெட்டுப்பட்டுவிடும். ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் கோப்பைத் திறந்து ஒலியில் எந்தெந்த ஹெர்ட்ஸ் இருக்கிறது என்று படமாகக் காட்டும் ஸ்பெக்ட்ரோகிராம் பார்வைக்கு மாற்றினால் வெட்டின கோடு கண்ணுக்கே தெரியும். பேச்சைப் புரிந்துகொள்ளத் தேவையானதெல்லாம் 8,000 ஹெர்ட்ஸுக்குள் அடங்கிவிடும் என்பது வேறு விஷயம்.

'எலும்பு வழியாக இடது காதை மட்டும் தூண்டுகிறது' என்கிறார்கள். அது நடக்காது. மண்டையோட்டின் எந்த இடத்தில் அதிர்வு கொடுத்தாலும் இரண்டு உள்காதுக்கும் கிட்டத்தட்ட ஒரே அளவில் போய்ச் சேரும். எலும்புவழிச் சோதனை செய்யும்போது ஆடியாலஜிஸ்ட் மறுகாதுக்கு இரைச்சல் கொடுத்து மூடுவதே அதனால்தான்.

இரண்டு காதுப் பயிற்சி, அதாவது ஒவ்வொரு காதிலும் ஒரே நேரத்தில் வேறுவேறு சொல்லைக் கொடுப்பது, என்று வைத்திருந்த கோப்புகள் இன்னும் மோசம். வலது பக்கத்தை மட்டும் மாட்டிக் கேட்டோம். 'இரண்டு', 'ஏழு' இரண்டும் அதிலேயே விழுந்தன. யாரோ மோனோவாக, அதாவது இரண்டு பக்கமும் ஒரே ஒலி வருகிற மாதிரி, மாற்றிவிட்டிருக்கிறார்கள். காதுக்குக் காது ஒலியைப் பிரிக்காத இரண்டு காதுப் பயிற்சி பயிற்சியே இல்லை. உங்களிடம் இருக்கிற எந்தக் கோப்பையும் இப்படி ஒரு பக்கம் மாட்டிச் சோதியுங்கள். கோப்பு சரியாக இருந்தும் இரண்டும் ஒரே பக்கம் கேட்டால் போனின் அணுகல்தன்மை அமைப்பில் மோனோ ஆடியோ ஆன் ஆகியிருக்கலாம், அணைத்துவிடுங்கள். வாட்ஸ்அப் வாய்ஸ் மெசேஜாக வருகிற பயிற்சியும் மோனோதான்.

எங்களுக்கு நெஞ்சு பதறியது சத்தத்தின் அளவில். அந்த அம்மாப்பேட்டைக் குடும்பத்தின் வீட்டை ஒட்டியே விசைத்தறி. ஓடுகிற தறிக்கூடத்தில் 90 டெசிபெலுக்கு மேல் இரைச்சல் இருக்கும். பெட்டி ஹெட்போன் வெளிச்சத்தத்தைத் தடுப்பதில்லை. இசை கேட்கவில்லை என்று பையன் சொல்லச் சொல்ல வால்யூமைக் கூட்டியிருக்கிறார்கள், பாவம், அவர்களை யாரும் எச்சரிக்கவில்லை. உலக சுகாதார நிறுவனம் பிள்ளைகளுக்குச் சொல்கிற வரம்பு 75 டெசிபெல், வாரத்துக்கு 40 மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபெல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 90 டெசிபெலுக்கு வந்தால் வாரத்துக்கு ஒன்றேகால் மணி நேரம்தான். பெட்டி சொல்கிற கணக்கோ தினம் இரண்டு முறை அரை மணி, வாரத்துக்கு 7 மணி நேரம். வீட்டில் டெசிபெல் மீட்டர் தேவையில்லை. பிள்ளை ஹெட்போன் மாட்டியிருக்கும்போது ஒரு கை தூரத்தில் நின்று சாதாரணக் குரலில் கூப்பிடுங்கள். திரும்பவில்லை என்றால் சத்தம் அதிகம்.

நோட்டு எதற்கு என்று பார்த்தால் பணத்தைத் திருப்பித் தராமல் இருக்க. பயிற்சி ஒரு நாள் விட்டுப்போனாலும் 'முழுப் பணம் வாபஸ்' செல்லாது என்று கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்து. காய்ச்சலில் விட்ட இரண்டு நாளைக் காட்டியே இவர்களுக்கு மறுத்துவிட்டார்கள். முப்பதாம் நாள் மறுசோதனையில் இடது காது 64 என்று ஏறியதாம். அதே எண் பட்டியலையே மறுபடி போட்டிருக்கிறார்கள். முன்பு கேட்டதையே கேட்டால் எந்தப் பிள்ளைக்கும் மதிப்பெண் ஏறும்.

பிறகு காது மூக்கு தொண்டை மருத்துவர் அந்தப் பையனுக்கு டிம்பனோகிராம் (செவிப்பறை சரியாக அசைகிறதா என்று பார்க்கிற சோதனை) எடுத்தார். ஒரு காதுக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது, வலிக்காது. இரண்டு காதுக்கும் கோடு தட்டையாக வந்தது. செவிப்பறைக்குப் பின்னால் நீர் கோத்திருக்கிறது. காதில் பஞ்சு வைத்தது போலக் கேட்கும், மெல்லப் பேசினால் விழாது. பல பிள்ளைகளுக்கு மூன்று மாதத்தில் தானாகவே வற்றிவிடும், வற்றாவிட்டால் சின்னக் குழாய் வைக்கிற அறுவை சிகிச்சை உண்டு. அடிக்கடி சளி பிடிக்கிற பிள்ளைக்கு இதை முதலில் பார்க்காமல் மூளை வரைக்கும் போனதுதான் பெரிய தப்பு. காது தெளிந்த பிறகுதான் அந்தப் பையனுக்குச் செயலாக்கச் சிக்கல் இருக்கிறதா என்று பார்க்கவே முடியும்.

வடிகட்டின இசையைக் கேட்க வைத்துச் சரிசெய்வது புதுக் கண்டுபிடிப்பும் இல்லை. பிரான்ஸில் தொமாத்திஸ் என்ற மருத்துவர் தொடங்கியது. அவருக்குப் பின் பெரார் 10 நாள், தினம் இரண்டு முறை அரை மணி என்று ஒரு முறை வகுத்தார். பெராரின் முறைக்குப் பலன் இருப்பதாக அறிவியல் தரத்தில் நிரூபணமாகவில்லை என்று அமெரிக்கப் பேச்சு மொழி கேட்டல் சங்கம் 2004ல் எழுதியே வைத்துவிட்டது.

சரியான வழி எது? முதலில் காது மூக்கு தொண்டை மருத்துவர். சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனையிலேயே காட்டலாம். அடுத்து ஒலித்தடுப்பு அறையில் ஆடியோகிராம், டிம்பனோகிராம். இரண்டும் நார்மல், பிள்ளைக்கு ஏழு வயது ஆகிவிட்டது, சிக்கல் தொடர்கிறது என்றால் மட்டும் செயலாக்கச் சோதனைகள்: இரண்டு காதுக்கும் வேறுவேறு எண், இரைச்சலில் பேச்சு, ஒலியின் நடுவே விழுகிற நூலிழை இடைவெளியைக் கண்டுபிடிப்பது, ஏறி இறங்குகிற ஒலிகளின் வரிசையைச் சொல்வது. குறைந்தது இரண்டு சோதனையில் வயதுக்குரிய சராசரியிலிருந்து இரண்டு திட்ட விலக்கம் கீழே, அதாவது அந்த வயதுப் பிள்ளைகளிடம் இயல்பாக இருக்கிற ஏற்றத்தாழ்வைத் தாண்டிக் கீழே, வந்தால்தான் கேட்டல் செயலாக்கச் சிக்கல் என்று பெயர் சூட்டுவார்கள். பேச்சுச் சோதனை பிள்ளையின் மொழியில் இருக்க வேண்டும். ஆங்கிலச் சொற்பட்டியலில் தமிழ்ப் பிள்ளை தோற்றால் அது ஆங்கிலத்தின் மதிப்பெண். உள்ளூரில் வசதி இல்லையென்றால் மைசூரில் 1965 முதல் இயங்கும் மத்திய அரசின் அகில இந்தியப் பேச்சு கேட்டல் நிறுவனம் இருக்கிறது.

சோதிப்பவரிடம் சி.ஆர்.ஆர். எண் கேளுங்கள். இந்திய மறுவாழ்வு கவுன்சில் சட்டம் 1992ன்படி பதிவு செய்தவருக்குத்தான் அது கிடைக்கும். பதிவில்லாமல் இந்தத் தொழிலைச் செய்தால் ஓராண்டு வரை சிறை, அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். எண்ணைக் கேட்டதும் பேச்சை மாற்றுகிறார் என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

வீட்டுப் பயிற்சிக்குப் பெட்டி வேண்டாம், தினம் 15 நிமிடம் ஓர் ஆள் வேண்டும். வாரம் ஐந்து நாள் போதும். பள்ளிவிட்டு வந்த உடனேயும் தூக்கம் சொக்குகிற நேரத்திலும் வேண்டாம், சாப்பிட்டு விளையாடிய பிறகு உட்காருங்கள். டைல்ஸ் போட்ட வெற்று அறை எதிரொலிக்கும். பாயை விரித்து, ஜன்னலில் ஒரு கனத்த போர்வையைத் தொங்கவிட்டால் வித்தியாசம் தெரியும். ஒரு மீட்டர் தள்ளி, பக்கவாட்டில் உட்காருங்கள், உதட்டைப் பார்த்துச் சொல்லிவிடக் கூடாது. கையால் வாயை மூடினால் மெல்லிய ஒலிகள் அமுங்கிவிடும்.

குறில் நெடிலில் தொடங்குங்கள்: பல், பால். படம், பாடம். குடை, கூடை. முட்டை, மூட்டை. படம் வரைந்து வைத்து, சொன்னதைத் தொடச் சொல்லுங்கள். அது கைவந்ததும் ஒற்று இரட்டிக்கிற ஜோடிகள்: புளி, புள்ளி. கனி, கன்னி. இங்கே வித்தியாசம் ஒலி நீடிக்கிற நேரத்தில் மட்டும்தான், அதனால் காதுக்கு நல்ல வேலை. கடைசியில் முதல் ஒலி மட்டும் மாறுகிற பட்டு, தட்டு, கட்டு. வழி, வளி மாதிரியானவை வேண்டாம். வீட்டுப் பேச்சில் ழவும் ளவும் ஒன்றாகவே வருகிற ஊர் நம்முடையது, பிள்ளையைக் குறை சொல்ல முடியாது.

அமைதியில் பத்துக்கு ஒன்பது வந்தால் இரைச்சலைச் சேருங்கள். நாலு பேர் ஒன்றாகப் பேசுகிற டிவி விவாதத்தை இன்னொரு போனில் மிகக் குறைவாக வைத்து, அதையும் ஒரு மீட்டரில் வையுங்கள். பத்துக்கு ஏழெட்டு சரியாக வருகிற அளவே பயிற்சி நடக்க வேண்டிய இடம். ஒன்பது வந்தால் ஒரு படி கூட்டுங்கள், ஐந்துக்குக் கீழே போனால் ஒரு படி இறக்குங்கள். பிள்ளைக்குக் கேட்கவில்லை என்று நீங்கள் கத்தினால் உயிரெழுத்தெல்லாம் உருமாறிவிடும். குரலை உயர்த்தாமல், சொல்லுக்குச் சொல் சற்று இடைவெளி விட்டுச் சொல்லுங்கள்.

கட்டளைப் பயிற்சி சமையலறையிலேயே நடக்கும். "தட்டு எடு, ரெண்டு கரண்டி வை, ஜன்னலைச் சாத்து." செய்யும் முன் "கண்ணு, நான் என்ன சொன்னேன், சொல்லு பாக்கலாம்" என்று திருப்பிச் சொல்ல வையுங்கள். தானாகவே வாய்க்குள் சொல்லிப் பார்க்கிற பழக்கம் வந்தால் வகுப்பில் அதுதான் கைகொடுக்கும்.

இரண்டு காதுப் பயிற்சியை மட்டும் நீங்களாக ஆரம்பிக்காதீர்கள். வலுவான காதின் சத்தத்தைக் குறைத்து, நலிந்த காது பிடிக்கத் தொடங்கியதும் கொஞ்சம் கொஞ்சமாகச் சமமாக்கிக்கொண்டு வர வேண்டும். எங்கே தொடங்குவது என்பதை ஆடியாலஜிஸ்ட்தான் அளந்து சொல்ல முடியும்.

பள்ளியில் ஃபேனுக்கும் ஜன்னலுக்கும் தள்ளி முன்வரிசை கேளுங்கள். செலவு செய்வதானால், டீச்சர் சட்டையில் மைக், பிள்ளை காதில் ரிசீவர் என்கிற ரிமோட் மைக் கருவியைப் பற்றி ஆடியாலஜிஸ்ட்டிடம் விசாரியுங்கள். இரைச்சலைத் தாண்டி டீச்சர் குரல் நேராகக் காதுக்கு வரும்.

பெட்டியை ஏற்கெனவே வாங்கிவிட்டீர்களா? பிளேயரை நிறுத்திவிடுங்கள், ஆனால் எதையும் தூக்கி எறியாதீர்கள். நோட்டீஸ், பில், பணம் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட், சதவீதம் போட்ட கலர் தாள், வாட்ஸ்அப் பேச்சு எல்லாவற்றையும் ஒரே கவரில் போட்டு வையுங்கள். பில் தரவில்லை என்றால் வாட்ஸ்அப்பிலேயே எழுதிக் கேளுங்கள், அவர்கள் சொல்கிற பதிலும் ஆதாரம். பணத்தைத் திருப்பிக் கேட்டுப் பதிவுத் தபாலில் ஒரு கடிதம், பிறகு 1915 நுகர்வோர் உதவி எண், அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். விற்றவர் எந்த ஊராக இருந்தாலும் நீங்கள் குடியிருக்கிற சேலத்திலேயே மனு கொடுக்கலாம். கொடுத்த பணம் 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயமில்லை. இரண்டு வருடத்துக்குள் கொடுத்துவிட வேண்டும். அதுவரை காத்திருக்காமல் இந்த வாரமே பிள்ளைக்கு டிம்பனோகிராம் எடுத்துவிடுங்கள்.